வெள்ளத்தில் நனைந்த மரச் சிற்பத்தை அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய சிற்பம் ஒன்று தண்ணீரில் ஊறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்க வடசென்னையில் எங்கள் எர்ணாவூர்ப் பக்கம் எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. தேடினால் சோபாவை, கட்டிலை, உப்பிப்போன கதவை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் வருகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் அலைந்து, அறுபதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவழித்துத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். இதில் பாதிப் பணம் வீண். முதல் வாரத்திலேயே விவரம் தெரிந்த ஒருத்தர் கூட இருந்திருந்தால் அது மிச்சமாகியிருக்கும்.

சிற்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் சண்டை புரியாது. இரண்டரை அடி உயரத்தில் தலையில் மீன்கூடையோடு நிற்கிற ஒரு பெண். வாகை மரம். வீட்டில் எல்லோருக்கும் அது கூடைக்கார ஆயா. செதுக்கியவர் என் பெரியப்பா. அறுபதுகளின் தொடக்கத்தில், பெரியமேட்டுப் பக்கம் இருக்கிற ஓவியக் கல்லூரியில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர். 1850இல் ஹண்டர் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது. பெரியப்பா படித்தபோது சிற்பம் சொல்லிக்கொடுத்தவர் தனபால். வெள்ளைக்காரன் போட்ட பாதையிலேயே எத்தனை நாள் போவது என்று அங்கிருந்த பிள்ளைகள் யோசித்த நேரம். கோயில் வாகனம், ஐயனார் சிலை, கூத்துக்காரர்கள் தோளில் மாட்டுகிற கட்டை, கொலுவில் வைக்கிற மரப்பாச்சி என்று நம் ஊர்ச் சாமான்களை ஆளாளுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜானகிராம் என்கிற சிற்பி செப்புத் தகட்டை அடித்து, நேராக நம்மைப் பார்க்கும் உருவங்களைச் செய்தார். 1966இல் பணிக்கரும் மற்றவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பெரியப்பா அங்கே போகவில்லை. குடும்பம் பெரிசு. மில்லில் துணிக்கு டிசைன் போடும் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உளியை எடுத்தார்.

ஆயாவுக்குக் கழுத்து கிடையாது. கூடை நேராகத் தோளில் இறங்கும். கால் குட்டை, கண் முகத்தில் பாதி. மரப்பாச்சியின் விறைப்புதான், ஆனால் இடுப்பில் மட்டும் காசிமேட்டில் கூடை சுமக்கிறவர்களின் அந்த ஒரு பக்கச் சாய்வு. உளி போன தடம் கை, முதுகு எல்லாவற்றிலும் அப்படியே இருக்கும். சுக்கான் மாவையும் (சுண்ணாம்புக்கல் பொடி) வஜ்ரத்தையும் (மாட்டுத்தோல் பசை) குழைத்து வெள்ளைப் பூச்சு கொடுத்து, மேலே காவியும் நீலமும் கரியும் தீற்றி, காய்ந்த பிறகு அவரே துணியால் தேய்த்து அங்கங்கே மரம் தெரியும்படி விட்டிருக்கிறார். புடவை சாயம் போன புடவையாகத் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் செய்தார். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு நடந்த நஷ்டத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வந்தது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. நாங்கள் பெரம்பூரில் நாத்தனார் வீட்டில் மாட்டிக்கொண்டோம். தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பினால் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் ஹாலிலும் வந்து போயிருந்தது. ஆயா ஸ்டூலிலிருந்து மிதந்து போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள். முதுகு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பாத்திரம் பண்டம், பிள்ளைகளின் சர்டிபிகேட், பிரிட்ஜ் என்று போனது எவ்வளவோ. இருந்தும் நான் உட்கார்ந்து அழுதது இதைப் பார்த்துத்தான். அக்கம்பக்கத்தில் சிரித்திருப்பார்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் போனில் படம் எடுங்கள். எல்லாப் பக்கமும், கிட்டத்திலிருந்தும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தும். நான் எடுத்தது இன்ஷூரன்ஸுக்காக. அந்தக் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன்: என் வீட்டு பாலிசியில் டிவி, பிரிட்ஜ் எல்லாம் உண்டு, கலைப்பொருள் தனியாகப் பட்டியல் போட்டு மதிப்பு குறித்திருந்தால் மட்டும்தான் உண்டு. ஒரு ரூபாய் வரவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் பாலிசியின் அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். அரசாங்கம் கொடுத்த ஆறாயிரம் ரூபாய் நிவாரணம் வீட்டைக் கழுவவும் மெத்தை வாங்கவுமே சரியாகப் போயிற்று. ஆனால் அந்தப் படங்கள் வேறொரு சண்டைக்கு உதவின.

அடுத்தது காய வைப்பது. நான் சேற்றை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் என் கொழுந்தனார் நல்ல எண்ணத்தோடு ஆயாவைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் வெயிலில் நிறுத்திவிட்டார். "அண்ணி, வெயில் பட்டாத்தான் ஈரம் போவும், இல்லன்னா பூத்துப்பூடும்" என்றார். மத்தியானம் மாடியிலிருந்து டப்பென்று ஒரு சத்தம். மார்பிலிருந்து முழங்கால் வரை ஒரே பிளவு, ஒரு ரூபாய்க் காசு நுழையும். ஏன் இப்படி ஆகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மரம் மேல்தோலில்தான் முதலில் காயும். உள்ளே ஈரம் இருக்கும்போதே வெளியே சுருங்க ஆரம்பித்தால் இழுத்துக் கிழிக்கும். அதிலும் வளையத்தின் சுற்றளவில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே நடுக்குருத்து உள்ளேயே இருக்கும் முழுக்கட்டையில் செதுக்கிய சிற்பம் வேகமாகக் காய்ந்தால் வெடிக்காமல் இருக்காது. ஐரோப்பிய தேவாலயங்களுக்கு மரச்சிலை செய்தவர்கள் பின்பக்கத்தைக் குடைந்து நடுமரத்தை எடுத்துவிடுவது இதற்காகத்தான். பெரியப்பா குடையவில்லை.

சரியான வழி அலுப்பான வழி. வெயில் வேண்டாம், பேன் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். நிழலில், காற்று மெல்ல நடமாடும் இடத்தில், இரண்டு ரீப்பர் கட்டைமேல் நிறுத்தி, பழைய பருத்தி வேட்டியைத் தொளதொளவென்று போர்த்திவிட வேண்டும். வண்ணம் உதிர்கிற இடத்தில் துணி படக்கூடாது. டிசம்பர் ஈரத்தில் பூஞ்சை வரும், தினமும் ஒருமுறை துணியை மாற்றி, சிற்பத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். உள்ளே காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை போடுங்கள். எங்கள் தெரு முனையில் மீன் விற்கிற அக்காவின் எலெக்ட்ரானிக் தராசில்தான் வாராவாரம் ஆயாவை நிறுத்தினேன். "இன்னாம்மா, ஆயா இந்த வாரம் எளச்சிட்சா?" என்று அவர் கேட்பார். எடை குறைவது நின்றால் மரம் நம் ஊர்க் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பங்குனி வரைக்கும் குறைந்துகொண்டே வந்தது. அதுவரை பழுதுபார்க்கிற வேலை எதையும் ஆரம்பிக்கக் கூடாது. இந்த நான்கு மாதப் பொறுமையைத்தான் எல்லோரும் கெடுக்கப் பார்ப்பார்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய், பாத்திரம் கழுவும் லிக்விட், தின்னர், சீயக்காய். சுக்கான் பூச்சுக்கு வஜ்ரம்தான் பிடிமானம், வஜ்ரம் தண்ணீரில் கரையும். சோப்புத் தண்ணீர் பட்டிருந்தால் வண்ணம் கூழாக இறங்கியிருக்கும். வெள்ளத்திலேயே கூடையின் விளிம்பு அப்படித்தான் போயிருந்தது. ஒரு சின்னச் சோதனை கற்றுக்கொண்டேன்: காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக ஈரமாக்கி, கண்ணில் படாத ஓர் இடத்தில் தேய்க்காமல் உருட்டுங்கள். பஞ்சில் வண்ணம் ஏறினால் தண்ணீர் உங்களுக்கு எதிரி. கடைசியில் அந்த எண்ணெயை எடுத்தது, முதலில் மை உறிஞ்சும் தாளை ஒற்றி ஒற்றி, பிறகு டர்பென்டைன் தொட்ட பஞ்சை உருட்டி உருட்டி. அதுவும் தெரிந்தவர் செய்தது. வீட்டில் முயற்சி செய்ய நான் சொல்ல மாட்டேன். ஒற்றுவது மட்டும் நாமே செய்யலாம்.

இனி சண்டைக்கு வருகிறேன். காய்ந்த பிறகு அடிப்பீடம் ஆடியது, ஒட்ட வேண்டும். கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற ஒரு பட்டறையை உறவுக்காரர் காட்டினார். பெயரும் இடமும் வேண்டாம். கைவேலை தெரிந்தவர், பேச்சும் மரியாதையான பேச்சு. பீடத்தை மட்டும் ஒட்டித் தரச் சொல்லி எட்டாயிரம் முன்பணம் கொடுத்தேன். அவர் சிற்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உங்க பெரியப்பா பாதி வேலையிலயே வுட்டுட்டாரா? உளித் தழும்பெல்லாம் அப்டியே கீது" என்றார். இல்லை, அது அப்படித்தான் என்று சொன்னேன். தலையாட்டினார். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இடதுகை முழுக்க உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறார். புடவைக் கரைக்குச் சிவப்பு எனாமல். பிளவில் மக்கு வைத்து அடைத்திருக்கிறார். "கூட காசு கேக்கலக்கா, நானா பாத்து செஞ்சது" என்றார். எனக்குக் கத்தவும் வரவில்லை, பேசவும் வரவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முன்பணம் திரும்பவில்லை. அவர் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பொம்மைக்கு மெருகு குறைந்தால் அவருக்குக் கை அரிக்கும். நவீன சிற்பியோ மெருகு போடத் தெரிந்தும் போடாமல் விடுகிறான். இந்த வித்தியாசத்தைப் பட்டறை வாசலில் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அதனால் எழுதிக் கொடுங்கள். செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததைத்தான் எழுத வேண்டும்: உப்புத்தாள் கூடாது, வார்னிஷ் கூடாது, புதுச் சாயம் கூடாது, மக்கு கூடாது, பிறகு எடுக்க முடியாத எந்தப் பசையும் கூடாது. கீழே இருவர் கையெழுத்து, கூடவே நீங்கள் எடுத்த படங்களின் பிரிண்ட். பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அத்தை கல்யாணக் கறுப்புவெள்ளைப் படம் ஒன்றில் பெண்ணுக்குப் பின்னால் ஆயா நிற்கிறாள், இடதுகையில் உளித்தடம் தெளிவாகத் தெரிகிறது. சிற்பம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. உங்கள் குடும்ப ஆல்பங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

உண்மையான உதவி எழும்பூர் அருங்காட்சியகம் போனதில் ஆரம்பித்தது. பொருள்களைப் பேணுவதற்கென்றே அங்கே 1930லிருந்து வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே விசாரித்துக் கை மாறிக் கை மாறி, தனியாகப் பழுதுபார்ப்பு செய்கிற ஒரு பெண்மணியிடம் வந்து சேர்ந்தேன். அவர் முதலில் எதையும் தொடவில்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்து ஒரு மணி நேரம் பார்த்தார், குறிப்பு எழுதினார், நான் கேட்காமலே எழுத்தில் மதிப்பீடு கொடுத்தார். நல்ல ஆளைக் கண்டுபிடிக்க இதுவே அடையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த புடவையைக் காட்டி, இது உங்கள் பெரியப்பா வேண்டுமென்றே செய்ததுதானே என்று அவரே கேட்டார். எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கியது. பிறகு போனில் ஒரு படம் காட்டினார். எலி நாடல்மேன் என்பவர் செய்தது. 1882இல் வார்சாவில் பிறந்து, பாரிசில் இருந்து, முதல் உலகப் போர் சமயத்தில் நியூயார்க்குக்குக் குடிபோனவர். அவரும் மனைவியும் நாட்டுப்புறக் கைவேலைகளை வாங்கிக் குவித்து அதற்கென்றே ஒரு மியூசியம் நடத்தியிருக்கிறார்கள். 1920களில் செர்ரி மரத்தில் அவர் செதுக்கிய ஓர் ஆணும் பெண்ணும், பெயர் 'டாங்கோ', நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுண்ணப்பூச்சு வெள்ளையாக அங்கங்கே நிற்கிறது, அங்கங்கே மரம் தெரிகிறது. பழைய பொம்மையின் தேய்மானத்தை அவர் கையாலேயே கொண்டுவந்திருக்கிறார். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் ஏதாவது பாலீஷ் கடையில் அதை இறக்கினால் சாயங்காலத்துக்குள் பளபளவென்று ஆக்கிக் கையில் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லி இருவரும் சிரித்தோம். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அவர் வாங்கியது நாற்பத்திரண்டாயிரம். பாதிக்கு மேல் அந்த எனாமலையும் மக்கையும் எடுப்பதற்கே போயிற்று. வெள்ளம் செய்த சேதத்தைவிட மனிதக் கை செய்த சேதத்தை எடுக்கத்தான் அதிக நாள். இடதுகையில் போன உளித்தடம் போனதுதான், அதைப் புதிதாக வெட்டுவது பொய் என்று சொல்லிவிட்டார். வெயிலில் வந்த பிளவையும் அடைக்கவில்லை. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். உள்ளே கெட்டியான மக்கு இருந்தால் உப்பும்போது பக்கத்தில் புதிதாக வெடிக்கும். ஆபத்தான ஓரிடத்தில் மட்டும் மெல்லிய மரச் சிம்பு வைத்தார். உதிர்ந்த வண்ணத்தை ஒட்ட பாராலாய்ட் பி-72 என்கிற பிசின். பிற்காலத்தில் வேண்டாம் என்றால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு கோடை தாண்டியதும் பீடத்தடியில் சலித்த அரிசி மாவாக ஒரு குவியல். உளு. கரையான் என்றால் மண்கோடு இருக்கும், இது குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டையும் மாவும். வாகையில் வைரம் ஏறாத வெளிர்ப்பகுதியில் மாவுச்சத்து இருக்கும், வண்டின் புழு அதைத்தான் தின்னும். வைரத்துக்குள் போகாது. ஓட்டை பழசா புதுசா என்று பார்க்க, தூசியைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புச் சார்ட் தாள் விரித்து வையுங்கள். மறுபடி மாவு விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனி ஆள் வந்து பார்த்ததற்கே ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு, எண்ணெய் மருந்தை ஓட்டையில் ஏற்றலாம் என்றார். அந்த எண்ணெய் வண்ணத்தில் ஊறிக் கறையாகும், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மருந்தே இல்லாமல் செய்கிற வழி ஒன்று உண்டு. அலுமினியம் கலந்த பிளாஸ்டிக் உறையில் சிற்பத்தை வைத்து, ஆக்சிஜனை உறிஞ்சுகிற இரும்புத்தூள் பொட்டலங்களைப் போட்டு, காற்றுப்புகாமல் ஒட்டி மூன்று நான்கு வாரம் விடுவது. புழு மூச்சில்லாமல் சாகும். சாதாரணப் பாலிதீன் பை உதவாது, அதன் வழியாக ஆக்சிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உறையும் பொட்டலமும் பழுதுபார்த்த அந்தப் பெண்மணியின் கூலியுமாக ஏழாயிரம் ஆயிற்று.

நடுவில் ஒரு பழம்பொருள் வியாபாரி வேறு. யார் சொல்லி வந்தாரோ. பதினைந்தாயிரம் தருகிறேன் என்றார், மாட்டேன் என்றதும் குரலைத் தாழ்த்தி, இதெல்லாம் வீட்டில் வைத்திருந்தால் கவர்மென்ட் எடுத்துக்கொண்டு போய்விடும், சத்தமில்லாமல் கொடுத்துவிடுங்கள் என்றார். வயிற்றைக் கலக்கியது. விசாரித்தால், 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் சொல்வது நூறு வயதுக்குக் குறையாத பொருளைப் பற்றி. அந்த வயதுள்ள மர உருவச் சிற்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். நூறு ஆகாவிட்டாலும் தங்கள் படைப்புகள் தேசியக் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்ட ஓவியர்கள் சிலர் இருக்கிறார்கள், தாகூர், ரவி வர்மா, ஜாமினி ராய் என்று மொத்தம் ஒன்பது பேர். எங்கள் பெரியப்பா அந்தப் பட்டியலில் இல்லை, ஆயாவுக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்புவதானால் மட்டும், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், கஸ்டம்ஸில் நிற்காமல் போகும். உங்கள் சிற்பம் செம்மரம் என்றால் அது வேறு கதை, வனத்துறையிடம் கேட்காமல் நகர்த்தவே நகர்த்தாதீர்கள்.

இப்போது ஆயா முதல் மாடியில், வெளிச்சுவரில் ஒட்டாமல், ஏசி இல்லாத அறையில் இருக்கிறாள். சாமி விளக்குப் புகை எட்டாத இடம். ஏசி ஓடும்போது காய்ந்து நிறுத்தினால் ஈரமாகி மரம் மூச்சுத் திணறும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் வரும்போதெல்லாம் பிளவைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மக்கு வெச்சா தெரியாது அண்ணி" என்பார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுப்பேன்.

பெரியப்பா செய்ததில் இன்னும் இரண்டு இருப்பதாக இப்போது தெரிகிறது. ஒன்று புளியந்தோப்பில் அத்தை வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்களாம். "அழுக்கா கீது, ஞாயித்துக்கெழமை வரியே, கழுவி வெக்கிறேன்" என்றார் அத்தை போனில். தண்ணீரே படக்கூடாது, இருக்கிற அழுக்கோடு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பஞ்சுக் குச்சி ஒரு டப்பா, டார்ச், கறுப்புத் தாள் எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று.